வின்லாந்து நிலைத்திருந்தால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலம்பஸுக்கு ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் முன்பே நார்ஸ் மக்கள், அதாவது நாம் பொதுவாக வைக்கிங் என்று சொல்கிறவர்கள், வட அமெரிக்காவில், அவர்கள் வின்லாந்து என்று பெயர் வைத்த பகுதியில், இறங்கி வீடு கட்டினார்கள், குளிர்காலம் கழித்தார்கள், பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். திரும்பாமல் அங்கேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த மாற்று வரலாற்றைப் பல வருஷமாக மனதில் கட்டிக்கொண்டு வருகிறேன். யாரிடம் பேசினாலும் வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான். எது நடந்தது, எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லுங்கள். யார், எப்போது, எங்கே?

எரிக் என்ற ஆளில் தொடங்குகிறது. செம்பட்டைத் தலை எரிக். கொலைக் குற்றத்துக்காக ஐஸ்லாந்திலிருந்து மூன்று வருஷம் நாடு கடத்தப்பட்டார். அந்த மூன்று வருஷத்தையும் மேற்கே கிடந்த பெரிய தீவின் கரையை அலசுவதில் கழித்தார். திரும்பி வந்து, நல்ல பெயர் வைத்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று அதற்குக் கிரீன்லாந்து, பசுமை நாடு, என்று பெயரிட்டார். 985 அல்லது 986இல் 25 கப்பல்கள் கிளம்பின, 14தான் போய்ச் சேர்ந்தன. அங்கே கிழக்குக் குடியிருப்பு, மேற்குக் குடியிருப்பு என்று இரண்டு உருவாயின. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், இரண்டுமே தீவின் தென்மேற்குக் கரையில்தான் இருக்கின்றன.

அப்புறம் எரிக்கின் மகன் லெய்ஃபும் மற்றவர்களும் இன்னும் மேற்கே போய் மூன்று நாடுகளுக்குப் பெயர் வைத்தார்கள்: ஹெல்லுலாந்து (தட்டைக்கல் நாடு, இன்றைய பாஃபின் தீவு), மார்க்லாந்து (காட்டு நாடு, லாப்ரடார்), அதற்கும் தெற்கே திராட்சை விளைகிற வின்லாந்து. அங்கே உண்மையாகவே குடியேறப் பார்த்தவர் தோர்ஃபின் கார்ல்செஃப்னி என்ற ஐஸ்லாந்து வணிகர். ஆடு மாடுகளோடு போனார், கூட மனைவி குட்ரிட். அங்கே பிறந்த அவர்கள் மகன் ஸ்நோரிதான் அமெரிக்க மண்ணில் பிறந்ததாக நமக்குப் பெயர் தெரிகிற முதல் ஐரோப்பியக் குழந்தை. குட்ரிட் பிற்காலத்தில் ரோமுக்கு யாத்திரை போய்வந்து கடைசியில் கன்னியாஸ்திரீயாக வாழ்ந்ததாகச் சாகா, அதாவது ஐஸ்லாந்தின் பழைய உரைநடைக் கதை, சொல்கிறது. வின்லாந்திலும் ரோமிலும் கால் வைத்த அந்தப் பெண்மணிக்கு இன்னும் பெரிய பெயர் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சாகாக்கள் வெறும் கதைதானே? ஆதாரம் உண்டா?

சாகாக்கள் நடந்ததற்கு இரண்டு நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டவை, ஒன்றுக்கொன்று முரண்படுகிறவை. அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் சந்தேகப்படுவது நியாயம். ஆனால் 1960இல் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற நார்வேக்காரர் நியூஃபவுண்ட்லாந்தின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற மீனவக் கிராமத்துக்குப் போய், இங்கே பழைய மேடுகள் ஏதாவது உண்டா என்று விசாரித்தார். ஜார்ஜ் டெக்கர் என்ற உள்ளூர்க்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இங்ஸ்டாடின் மனைவி ஆன் ஸ்டீன் தொல்லியலாளர், அகழாய்வை நடத்தியவர் அவர்தான். புல்மண் கட்டியால் எழுப்பிய எட்டுக் கட்டடங்கள், சதுப்பு இரும்பை, அதாவது சதுப்பு நிலத்தில் கிடைக்கிற இரும்புத்தாதுவை, உருக்கிய உலை, வெண்கல ஊசி, நூல் நூற்கிற தக்கிளியின் சின்னக் கல்வில்லை எல்லாம் கிடைத்தன. அந்தக் கல்வில்லை முக்கியம். நார்ஸ் சமூகத்தில் நூல் நூற்றது பெண்கள். ஆகவே அது மரம் வெட்ட வந்த ஆண்களின் கூடாரம் மட்டும் இல்லை.

தேதியும் இப்போது கையில் இருக்கிறது. 993இல் வானத்திலிருந்து வந்த ஒரு கதிர்வீச்சுப் புயல், அந்த வருஷம் உலகம் முழுக்க வளர்ந்த மரங்களின் வளையத்தில் கார்பன்-14 அளவைச் சட்டென்று உயர்த்திவிட்டது. லான்ஸ் ஓ மெடோஸில் இரும்புக் கருவியால் வெட்டப்பட்ட மூன்று மரத்துண்டுகளை எடுத்து, அந்த 993 வளையத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பட்டை வரை வளையங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். மூன்று துண்டும் மூன்று வேறு மரங்கள், மூன்றிலும் 28 வளையம். வெட்டிய வருஷம் 1021. இந்த ஆய்வு 2021இல் வெளியானது, சரியாக ஆயிரம் வருஷம் கழித்து.

கென்சிங்டன் கல், வின்லாந்து வரைபடம் இதெல்லாம்?

1898இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் கிடைத்ததாகச் சொன்ன, நார்ஸ் எழுத்து பொறித்த கென்சிங்டன் கல்லை மொழியறிஞர்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு வேலை என்றே சொல்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்திடம் இருக்கிற, வின்லாந்தைக் காட்டுகிற வரைபடத்தின் மையில் 20ஆம் நூற்றாண்டுக்குரிய டைட்டானியம் சேர்மம் இருப்பதால் அது போலி என்று 2021இல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது. இரண்டையும் நான் சேர்ப்பதில்லை.

அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஏன் விட்டுப் போனார்கள்? பெரிய வீரர்கள் ஆயிற்றே?

இந்த ‘வீரர்கள்’ என்ற எண்ணம்தான் கேள்வியையே திசை திருப்புகிறது. கார்ல்செஃப்னியோடு போனவர்கள் ஒரு சாகாவின்படி 60 ஆண்கள், 5 பெண்கள். இன்னொரு சாகா நூற்று நாற்பது பேர் அளவில் சொல்கிறது. கிரீன்லாந்தின் மொத்த மக்கள்தொகையே அது உச்சத்தில் இருந்தபோதுகூட இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் போயிருக்காது என்பது இன்றைய மதிப்பீடு. 1021இல் அதைவிடக் குறைவு. நம்மூரில் ஒரு சாதாரணக் கிராமத்து ஜனம். அந்தக் கிராமம் இன்னொரு கண்டத்தில் கிளை தொடங்க எத்தனை பேரை விட்டுக்கொடுக்க முடியும்?

எதிரே இருந்தவர்கள் பல ஆயிரம் வருஷமாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள், எண்ணிக்கையிலும் மிக அதிகம். வில்லும் அம்பும் அவர்களிடமும் இருந்தன. நார்ஸ் மக்களிடம் துப்பாக்கி கிடையாது, இரும்பு வாள்தான், அதுவும் கொஞ்சம். மண் நல்ல மண்தான், ஆனால் இங்கே இருந்தால் எந்நேரமும் பயத்தோடுதான் இருக்க வேண்டும் என்று கார்ல்செஃப்னி முடிவு செய்ததாகச் சாகா சொல்கிறது. அவர் கணக்கு சரி.

உங்கள் மாற்று வரலாறு எந்த இடத்தில் பிரிகிறது?

மூன்று படகுகளுக்கு அடியில்.

கிரீன்லாந்துக்காரர்களின் சாகாவில் ஒரு காட்சி வரும். லெய்ஃபின் தம்பி தோர்வால்ட் ஒரு அழகான முனையில் இறங்கி, இங்கேயே வீடு கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறதே என்கிறார். கொஞ்ச நேரத்தில் மணல்மேல் மூன்று மேடு மாதிரி ஏதோ தெரிகிறது. கிட்டே போனால் தோல் படகுகள். கவிழ்த்து வைத்த ஒவ்வொரு படகுக்கும் அடியில் மூன்று பேர், ஆக ஒன்பது பேர். எட்டுப் பேரைப் பிடித்துக் கொன்றுவிடுகிறார்கள். ஒருவர் மட்டும் தப்பிப் படகோடு போகிறார். பிறகு கடலில் படகுகள் நிறைந்து வருகின்றன, தோர்வால்ட் அம்பு பட்டுச் சாகிறார்.

இந்தச் சந்திப்பு அப்படியே நடந்ததா என்று நிரூபிக்க வழி இல்லை. ஆனால் நார்ஸ் மக்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதையில், முதல் இரத்தம் தங்கள் கையால் சிந்தியதாகத்தான் இருக்கிறது. என் கதையில் தோர்வால்ட் அந்தப் படகுகளைப் பார்த்துவிட்டு ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் மாற்றம். சில வருஷம் கழித்து கார்ல்செஃப்னி வரும்போது அவரைப் பார்க்கிற மக்களிடம் பழிவாங்க வேண்டிய கணக்கு எதுவும் இல்லை.

வியாபாரம் நன்றாகவே நடக்கக்கூடியதாக இருந்தது என்பதற்குச் சாகாவிலேயே குறிப்பு உண்டு. தோல் கொடுத்துச் சிவப்புத் துணி வாங்கினார்கள். துணி தீரத் தீர, நார்ஸ்காரர்கள் அதை விரல் அகலத்துக்குக் கிழித்துக் கொடுத்தார்கள், அதற்கும் அதே விலை கிடைத்தது. இன்னொரு சாகாவில் துணிக்குப் பதில் பால். எனக்கு இந்த விரல் அகலத் துணி மேல் ஒரு தனிப் பிரியம். அந்தச் சந்தை நடந்த கரையில் இரண்டு பக்கமும் பேசிய மொழி ஒன்றுக்கொன்று புரியாது, ஆனாலும் கையைக் காட்டி விலை படிந்திருக்கிறது.

சண்டை இல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் நான் மற்ற பல மாற்று வரலாறுகளோடு முரண்படுகிறேன். பெரும்பாலானவை ஒரு போரையோ ஒரு தலைவரையோ மாற்றிவிட்டு, அடுத்த பக்கத்தில் வின்லாந்து அரசு என்று கொடி ஏற்றிவிடுகின்றன. ஒரு கடல்கடந்த குடியிருப்பு நிலைக்க வேண்டுமென்றால் வருஷா வருஷம் அங்கே ஒரு கப்பல் வர வேண்டும். கப்பல் வர ஒருவருக்குக் காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் நூறு, இருநூறு வருஷம் நீடிக்க வேண்டும். ஐஸ்லாந்துக்காரர்கள் 1262இல் நார்வே மன்னருக்கு அடங்கச் சம்மதித்தபோது ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கிய விஷயங்களில் ஒன்று, ஆறு கப்பல்கள் அனுப்ப வேண்டும் என்பது. மரம் இல்லாத தீவு, சொந்தமாகக் கடல்கப்பல் கட்ட முடியாத நிலை. அவர்களுக்குக் கப்பல்தான் உயிர்.

கிரீன்லாந்துக் குடியேற்றமே அழிந்துவிட்டதே, அதை வைத்து வின்லாந்து எப்படி நிற்கும்?

அழிந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அது 985 முதல் 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நானூற்று ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஆங்கிலேயர் வட அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய 1607 முதல் இன்று வரை அவ்வளவு காலம் ஆகவில்லை. அங்கே ஆயர் இருந்தார், கிழக்குக் குடியிருப்பில் கர்தார் என்ற ஊரில் பேராலயம் இருந்தது, பக்கத்திலேயே நூறு மாடு கட்டுகிற அளவுக்குத் தொழுவம் இருந்தது.

அதை நிற்க வைத்தது வால்ரஸ் தந்தம். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செதுக்கப்பட்ட வால்ரஸ் தந்தத்தில் பெரும்பகுதி கிரீன்லாந்திலிருந்து போனது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஒவ்வொரு கோடையிலும் ஆண்கள் வடக்கே டிஸ்கோ விரிகுடாப் பக்கம் படகில் போய் வேட்டையாடித் தந்தத்தோடு திரும்புவார்கள். 1327இல் போப்புக்குச் செலுத்திய தசமபாகம்கூட தந்தமாகத்தான் போனது. அதைக் கொடுத்து இரும்பு, மரம், தேவாலய மணி எல்லாம் வாங்கினார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. ஆப்பிரிக்க யானைத் தந்தம் ஐரோப்பியச் சந்தைக்கு நிறைய வரத் தொடங்கியது. அருகில் இருந்த வால்ரஸ்கள் தீர்ந்துபோய் இன்னும் வடக்கே போக வேண்டியதாயிற்று, கிடைத்த தந்தமும் சிறிதாகிக்கொண்டே வந்தது. 1349இல் கறுப்புச் சாவு என்ற கொள்ளைநோய் பெர்கன் துறைமுகம் வழியாக நார்வேயில் நுழைந்து மக்களில் பாதி அளவுக்குக் கொண்டுபோனது. கிரீன்லாந்துக்குப் போய்வந்துகொண்டிருந்த அரசுக் கப்பல் 1360களில் மூழ்கியது, மாற்றுக் கப்பல் விடவில்லை. குளிர் கூடியது, சில இடங்களில் மேய்ச்சல் நிலம் வறண்டது, பனிப்பாறையின் கனத்தால் கரை அமுங்கிக் கடல் உள்ளே வந்தது. கல்லறை எலும்புகளைச் சோதித்தால், ஆரம்பத்தில் நிலத்து உணவு அதிகம் சாப்பிட்டவர்கள் கடைசியில் பெரும்பாலும் கடலை, அதிலும் சீல் இறைச்சியை, நம்பி வாழ்ந்தது தெரிகிறது. அவர்கள் மாறத் தெரியாத முட்டாள்கள் என்று எழுதுகிறவர்களைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். மாறினார்கள், கப்பல்தான் வரவில்லை.

அப்படியானால் வின்லாந்து அங்கே எப்படிப் பொருந்துகிறது?

மரம். கிரீன்லாந்தில் கப்பல் கட்டுகிற மரம் கிடையாது, சைபீரியாவிலிருந்து கடலில் மிதந்து வந்து ஒதுங்குகிற கட்டையை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். ஆனால் மேற்கே சில நாள் பயணத்தில் முடிவே இல்லாத காடு இருந்தது, அதை அவர்கள் அறிந்தும் இருந்தார்கள். 2023இல் வெளியான ஒரு ஆய்வில் கர்தாரில் கிடைத்த மரத்துண்டுகளில் ஹெம்லாக், ஜாக் பைன் வகைகள் இருப்பது தெரிந்தது. இரண்டும் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் வளராதவை, வட அமெரிக்க மரங்கள். 1347இல் மார்க்லாந்து போய்த் திரும்பிய ஒரு சின்னக் கிரீன்லாந்துக் கப்பல் நங்கூரத்தை இழந்து, பதினேழு பதினெட்டுப் பேரோடு ஐஸ்லாந்தில் ஒதுங்கியதாக அந்நாட்டு ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. முதல் பயணத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்!

ஆகவே என் கதையில் வின்லாந்தின் வாடிக்கையாளர் ஐரோப்பா இல்லை, கிரீன்லாந்தும் ஐஸ்லாந்தும். மரமும் சதுப்பு இரும்பும் இருக்கிற இடத்தில் சில குடும்பங்கள் தங்கிக் கப்பல் கட்டுகின்றன. கிரீன்லாந்துக்காரர் தந்தத்தை ஏற்றிக்கொண்டு தங்கள் சொந்தக் கப்பலில் பெர்கனுக்குப் போகிறார். 1360களில் அரசுக் கப்பல் மூழ்கும்போது அது ஒரு நஷ்டம் மட்டும்தான், முடிவு இல்லை.

காட் மீனை விட்டுவிட்டீர்களே? நியூஃபவுண்ட்லாந்து என்றாலே மீன்தானே?

இதைக் கேட்காத ஆளே இல்லை. 1497இல் ஜான் கேபட் என்ற கடலோடி இங்கிலாந்திலிருந்து போன பிறகு அந்தக் கடலின் காட் மீன் ஐரோப்பாவுக்கே சோறு போட்டது உண்மை. ஆனால் 1100இலோ 1300இலோ பெர்கன் வணிகருக்கு வட நார்வேயின் லோஃபோட்டனிலிருந்து காட் கருவாடு வேண்டிய அளவு வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிற கருவாட்டுக்காக யாரும் அட்லாண்டிக்கைத் தாண்ட மாட்டார்கள். வின்லாந்துக்காரர்கள் தங்கள் சாப்பாட்டுக்குப் பிடித்திருப்பார்கள், ஏற்றுமதி என்று பேச 1400க்கு மேல் ஆகும்.

எந்த இடத்தில் குடியேறியிருப்பார்கள்?

லான்ஸ் ஓ மெடோஸில் இல்லை. அது வழித்தங்கல் மாதிரி ஒரு இடம், கப்பலைச் சரிபார்க்கவும் குளிர்காலம் ஒதுங்கவும் ஏற்றது. அங்கே உலையில் எடுத்த இரும்பு மொத்தமாகச் சுமார் 3 கிலோதான், ஒரு படகுக்கு ஆணி அடித்தால் தீர்ந்துவிடும். ஆனால் அந்தக் குப்பைக்குள் பட்டர்நட் கொட்டைகள் கிடைத்தன. பூசணி வகை இல்லை, வால்நட்டின் உறவு. அந்த மரம் நியூஃபவுண்ட்லாந்தில் வளராது, நியூ பிரன்ஸ்விக் பக்கம் போனால்தான் உண்டு, காட்டுத் திராட்சையும் அங்கேதான். கொட்டையைப் பொறுக்கியவர் அவ்வளவு தூரம் தெற்கே போய்வந்திருக்கிறார். ஆகவே செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்கரை, மிராமிச்சி ஆறு, சலூர் விரிகுடாப் பகுதிதான் என் தேர்வு. சாகாவில் வருகிற பெரிய சால்மன் மீனுக்கும் மிராமிச்சி பொருந்தும்.

எவ்வளவு பெரிய குடியேற்றம்? ஒரு பேரரசு உருவாகுமா?

ஆகாது. 1200இல் சில நூறு பேர், 1400இல் ஒருவேளை சில ஆயிரம். பின்னால் ஐரோப்பியர் லட்சக்கணக்கில் வந்ததை இதில் கொண்டுவந்து ஒட்டக்கூடாது. அனுப்புவதற்கு நார்வேயில் அத்தனை ஆள் இல்லை. ஆனால் 1350இல் மேற்குக் குடியிருப்பு காலியாகும்போது அந்தக் குடும்பங்களுக்குப் போக ஒரு இடம் இருக்கும், அது போதும். ஐஸ்லாந்தைப் பாருங்கள்: அதே மக்கள், அதே குளிர், அதே தனிமை. 1783இல் லாகி எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து வந்த பஞ்சத்தில் ஐந்தில் ஒருவர் செத்தும்கூட அந்த நாடு நின்றது. கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் பேர் இருந்தார்கள் என்பதால் நின்றது. இரண்டாயிரம் பேரில் ஐந்தில் ஒன்று போனால் வேட்டைக்குப் படகு தள்ளவே ஆள் தேறாது.

அங்கே ஏற்கெனவே இருந்த மக்களுக்கு என்ன ஆகும்?

எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வியோடுதான் நான் அதிக நேரம் இருந்திருக்கிறேன். வளைகுடாவின் தென்கரையில் இன்றைய மிக்மாக் மக்களின் முன்னோர்கள், நியூஃபவுண்ட்லாந்தில் பியோதுக் மக்களின் முன்னோர்கள். உண்மை வரலாற்றில் பியோதுக் மக்கள் ஒரு இனமாகவே மறைந்துபோனார்கள். கடைசியாக அறியப்பட்ட ஷனாடித்தித் என்ற பெண் 1829இல் இறந்தார். தன் மக்களின் வாழ்க்கையைப் படம் படமாக வரைந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்.

என் கதையில் நார்ஸ்காரர்கள் சிறுபான்மை. விரட்ட முடியாத இடத்தில் இருப்பவர்கள், பேசித்தான் பிழைக்க வேண்டும். இரண்டு மூன்று தலைமுறையில் திருமண உறவு வந்துவிடும். மிக்மாக் மக்கள் வியாபாரத்துக்குத் தயங்காதவர்கள் என்பதும் தெரிகிறது: 1534இல் ஜாக் கார்ட்டியே என்ற பிரெஞ்சுக் கடலோடி சலூர் விரிகுடாவுக்கு வந்தபோது, அவர்கள் கம்பில் தோலைத் தூக்கிக் காட்டிக் கூப்பிட்டார்கள், உடம்பில் போட்டிருந்ததைக்கூடக் கழற்றி விற்றார்கள்.

நோய் விஷயத்தில் ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்த வேண்டும். நார்ஸ் மக்கள் இருந்திருந்தால் 1492க்குள் பூர்வகுடிகளுக்கு எல்லா நோய்க்கும் எதிர்ப்பு வந்திருக்கும் என்கிறார்கள். அப்படி வராது. பெரியம்மையிலிருந்து பிழைத்தவருக்கு எதிர்ப்பு உண்டு, அவர் பேரனுக்குக் கிடையாது. தட்டம்மை ஒரு இடத்தில் அணையாமல் இருக்க இரண்டரை லட்சத்துக்கு மேல் மக்கள் நெருங்கி வாழ வேண்டும். ஐஸ்லாந்திலேயே அது தங்காது, ஒவ்வொரு முறையும் கப்பலில் புதிதாக வந்து, பரவி, அணைந்துவிடும். 1707இல் தொடங்கிய பெரியம்மை ஐஸ்லாந்தில் நான்கில் ஒருவருக்கு மேல் கொன்றது. வின்லாந்திலும் அப்படித்தான் நடக்கும், கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நோய்க்கும் அடுத்த நோய்க்கும் நடுவில் ஐம்பது, நூறு வருஷம் கிடைக்கும், நோயோடு சேர்ந்து படையெடுப்பு வராது. மக்கள்தொகை மீண்டு எழ அந்த இடைவெளி போதும் என்று நம்புகிறேன்.

ஆடு மாடு, குதிரை, இரும்பு?

இதில்தான் மாற்றம் மிகப் பெரிது. அந்தக் கண்டத்தில் மாடு, ஆடு, குதிரை எதையும் வளர்க்கவில்லை. செம்மறி ஆட்டின் கம்பளித் துணியே முதலில் பரவும் என்று நினைக்கிறேன், சிவப்புத் துணிக்கு இருந்த கிராக்கியைத்தான் பார்த்தோமே. சாகாவில் கார்ல்செஃப்னியின் காளை காட்டிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவர, வியாபாரத்துக்கு வந்தவர்கள் பயந்து படகேறிப் போய்விடுவார்கள், மூன்று வாரம் கழித்துச் சண்டைக்கு வருவார்கள். ஒரு தலைமுறை கடந்தால் அதே காளையைப் பெண்ணுக்குச் சீராக ஓட்டிப் போயிருப்பார்கள். குதிரை 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாகச் சமவெளி மக்களிடம் போய் அவர்கள் வாழ்க்கையையே மாற்றியது, என் கதையில் அது சில நூற்றாண்டு முந்திவிடும், கிழக்கிலிருந்து. சதுப்பு இரும்பை உருக்கும் கைவேலையும் இரகசியமாக இருக்காது, மாப்பிள்ளையாகப் போனவர் மாமனார் ஊரில் உலை போடுவார்.

கொலம்பஸ் வருவாரா?

வருவார். அவர் தேடியது ஆசியாவை. வடக்கே குளிர்ந்த காட்டில் சில ஆயிரம் பேர் இருப்பது அவர் கணக்கை மாற்றாது. செய்தி தெற்கே போகாமலும் இல்லை: ஜெர்மனியின் ப்ரெமென் நகர ஆடம் என்ற பாதிரியார் 1075 வாக்கிலேயே வின்லாந்தைப் பற்றி எழுதிவிட்டார், மிலான் நகரத் துறவி கல்வானேயுஸ் ஃப்ளாம்மா 1340களில் எழுதியதில் மார்க்கலதா என்று மார்க்லாந்து வருகிறது.

ஆனால் சட்டம் மாறும். 1493இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் புதிய நிலங்களை ஸ்பெயினுக்குக் கொடுத்த ஆணையில், ஏற்கெனவே ஒரு கிறிஸ்தவ மன்னரின் கையில் இருக்கிற நிலம் இதில் சேராது என்று விலக்கு உண்டு. ஏறக்குறைய அதே சமயத்தில் அதே போப் கர்தாருக்கு மத்தியாஸ் என்ற துறவியை ஆயராக அமர்த்துகிறார், அங்கே எண்பது வருஷமாகக் கப்பலே போகவில்லை என்று கடிதத்தில் சொல்கிறார். என் கதையில் அந்தக் கடிதம் வேறு மாதிரி இருக்கும். மிராமிச்சியிலிருந்து வந்த ஒரு பாதிரியார் ரோமில் உட்கார்ந்து, இந்தக் கரையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், இது வெற்று நிலம் இல்லை என்று வாதாடுவார். ஜெயிப்பார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வழக்கு நடந்திருக்கும்.

என்ன மொழி பேசுவார்கள்?

வளைகுடாவில் 16ஆம் நூற்றாண்டில் பாஸ்க் திமிங்கில வேட்டைக்காரர்களும் உள்ளூர் மக்களும் இரண்டு மொழியையும் கலந்து ஒரு வியாபார மொழி பேசினார்கள். அதுவே சில கோடைகளின் பழக்கத்தில் வந்தது. ஐந்நூறு வருஷம் கொடுத்துப் பாருங்கள். ஃபாரோ தீவுகளின் மொழி மாதிரி ஒரு நார்ஸ் கிளை, அதில் மரம், மீன், உறவுமுறைச் சொற்கள் பாதிக்கு மிக்மாக்.

மரபணுவில் தடயம் உண்டு என்கிறார்களே?

2010இல் ஐஸ்லாந்தில் சுமார் 80 பேரிடம் சி1ஈ என்ற தாய்வழி மரபுக்கிளை கண்டுபிடிக்கப்பட்டு, வின்லாந்திலிருந்து ஒரு பெண் போனார் என்று எல்லோரும் உற்சாகப்பட்டோம். பிறகு அதற்கு நெருங்கிய கிளை வடமேற்கு ரஷ்யாவில் 7,500 வருஷம் பழைய எலும்பில் கிடைத்தது. ஆகவே இப்போது நான் அதை ஆதாரமாகச் சொல்வதில்லை.

ஹ்வால்சே திருமணம் உங்கள் கதையில் உண்டா?

உண்டு, ஆனால் வேறு மாதிரி. நடந்தது இது. 1406இல் ஐஸ்லாந்துக்குப் போக வேண்டிய ஒரு கப்பல் காற்றில் திசைமாறிக் கிரீன்லாந்தில் ஒதுங்கியது. அதில் வந்த தோர்ஸ்டெய்ன் ஓலாஃப்சனும் சிக்ரிட் பியோர்ன்ஸ்டாட்டரும் 1408 செப்டம்பரில் ஹ்வால்சே தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்டார்கள். மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசித்து, சாட்சிகள் கூடியிருக்க, முறைப்படி. 1410இல்தான் அங்கிருந்து கிளம்ப முடிந்தது. ஐஸ்லாந்தில் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால் கடிதங்கள் எழுதி வாங்கினார்கள். கிரீன்லாந்து நார்ஸ் மக்களைப் பற்றி நமக்குக் கிடைத்த கடைசி எழுத்துச் சான்று அந்தக் கடிதங்கள்தான். தேவாலயத்தின் கற்சுவர்கள் இன்றும் கூரை இல்லாமல் ஃபியோர்டு ஓரம் நிற்கின்றன.

என் கதையில் அந்தக் கப்பல் ஒதுங்கிய அடுத்த கோடையிலேயே மேற்கிலிருந்து மரம் ஏற்றிய இரண்டு கப்பல்கள் ஐஸ்லாந்துக்குப் போகிற வழியில் ஹ்வால்சேயில் நிற்கின்றன, இவர்கள் ஏறிப் போய்விடுகிறார்கள். திருமணம் சிக்ரிட்டின் சொந்த ஊரில், அவருடைய உறவுக்காரர்கள் முன்னால் நடக்கிறது. யாரும் எந்தக் கடிதமும் எழுத வேண்டியதில்லை.